நீள அடைப்புக்கு முழுக்க ஸ்டென்ட் வேண்டுமா?

"ஒரு இடத்துலதான் ஸ்டென்ட் வச்சிருக்காவ, கீழ சும்மா பலூன் விட்டுட்டு விட்டுட்டாவளே!" ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தவரின் வீட்டார் இப்படிக் குறைப்படுவதுண்டு. அது சும்மா பலூன் அல்ல, மருந்து பூசிய பலூன்.

பலூனில் தொடங்கிய கதை

1977-இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் இதயத் தமனி அடைப்பை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் சென்னையில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். விரித்த குழாய் மறுபடி சுருங்கியதால் உலோக வலையான ஸ்டென்ட் வந்தது. வலைக்குள்ளும் சதை வளர்ந்ததால் ஸ்டென்ட்டில் மருந்து பூசினார்கள். உலோகம் இல்லாமல் மருந்தை மட்டும் தமனிச் சுவரில் சேர்ப்பதுதான் மருந்துப் பலூன்.

இரண்டும் சேரும் இடம்

சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் நீளமாகப் படிந்திருக்கும். தமனியோ தொடக்கத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமிருந்து, நுனியில் இரண்டாகக் குறுகும். அந்த மெல்லிய பகுதியில் ஸ்டென்ட் வைத்தால் மறுபடி அடைபடும் வாய்ப்பு அதிகம். பின்னாளில் பைபாஸ் தேவைப்பட்டால் தையல் போட இடமும் கிடைக்காது. அதனால் மேலே ஸ்டென்ட், கீழே மருந்துப் பலூன்.

முதலில் சாதாரணப் பலூனால் அடைப்பை நன்றாக விரிப்பார்கள். ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் கிழிசல் இல்லையென்றால்தான் மருந்துப் பலூன். அதை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஊதி வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். பெரிய கிழிசல் இருந்தால் அங்கேயும் ஸ்டென்ட்தான்.

'இனி ஸ்டென்ட்டே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறிய தமனிகளில் மருந்துப் பலூன் ஸ்டென்ட்டுக்குச் சளைத்ததல்ல என்று 2018-இல் பாஸ்கெட்-ஸ்மால் 2 ஆய்வு காட்டியது. ஆனால் எல்லா அளவுத் தமனிகளையும் சேர்த்துச் சீனாவில் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில் ஸ்டென்ட்டே முந்தியது.

மாத்திரையும் கடலும்

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் தருவார்கள். மாரடைப்பு வராதவருக்கு மருந்துப் பலூன் மட்டும் என்றால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது ஒன்றிரண்டு மாதங்களில் முடியலாம். ஸ்டென்ட்டும் இருந்தால் அதன் கணக்குதான், பொதுவாக ஆறு மாதம். மாரடைப்பு வந்தவருக்கு எதை வைத்தாலும் பெரும்பாலும் ஒரு வருடம்.

தூண்டில் முள் கிழித்தால் ரத்தம் நிற்கவில்லையே என்று தானாக மாத்திரையை நிறுத்துகிற மீனவருக்கு ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டிவிடலாம். தருவைகுளத்திலிருந்து பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போகிறவர்கள் போகும் நாள்களைவிடக் கூடுதலாக ஒரு வாரத்து மாத்திரையை எடுத்துச் செல்வது நல்லது. எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தலாம் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்.

வலி வந்தால்

உப்பளத்தில் வேலை செய்யும்போது நெஞ்சு இறுக்கி, இடக்கையில் வலி இறங்கி, வியர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108-ஐ அழையுங்கள், பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள்.