பனிப் பொம்மை திருட்டு!
அவசரப் போலீசை அழைத்த பெண்

1935-ம் ஆண்டு லண்டனில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் டெலிபோனை எடுத்தார். மற்ற அழைப்புகளுக்குப் பின்னால் அவர் காத்திருக்க நேர்ந்தது! தீயில் 5 பெண்கள் மாண்டனர்.

இனி யாரும் இப்படிக் காத்திருக்கக் கூடாது என்றுதான், 1937-ல் "999" என்ற அவசர எண் வந்தது.

2010 டிசம்பரில் கென்ட் போலீசாரை அந்த எண்ணில் ஒரு பெண் அழைத்தார். என்ன ஆபத்து? வீட்டு வாசலில் செய்து வைத்திருந்த பனிப் பொம்மையைக் காணோமாம்! அதற்குக் கண்களாக நாணயங்களும், கைகளாகக் கரண்டிகளும் வைத்திருந்தாராம்!

போலீசார் அவரைக் கண்டித்தனர். மற்றவர்களுக்கும் பாடமாகட்டும் என்று அந்தப் பேச்சை வெளியிட்டனர்.

பொம்மைக்காக ஒருவர் பேசும் நேரத்தில், தீயில் சிக்கிய ஒருவர் காத்திருக்கக்கூடும். உயிருக்கு ஆபத்தா? உடனே அழையுங்கள். இல்லையென்றால், ஒரு நிமிடம் யோசியுங்கள்!