உப்புக் காத்துல ஒரு கம்ப்யூட்டர்!

‘நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன்’னு வீட்டுல சொல்லிப் பாருங்க. ‘எலே, நல்லா ஓடிட்டிருந்த மிக்ஸியையே கழட்டிப் போட்டவன்தான நீ!’ன்னு பதில் வரும். தூத்துக்குடிப் பசங்களுக்கு அப்பாவைத் தாண்டி இன்னொரு வில்லனும் உண்டு மக்கா... உப்பு!

குஜராத்துக்கு அடுத்து நாட்டுலயே உப்பு அதிகம் விளையுறது தமிழ்நாட்டுல. அதுல பெரும்பங்கு நம்ம அளங்கள்லதான். கொற்கையை விட்டுக் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயாச்சு. உப்புக் காத்து போகல. காத்துல ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினா, போர்டுல படிஞ்ச உப்புத்தூள் தானே தண்ணியை இழுத்துக் கரைஞ்சிடும். அந்த உப்புநீர்ப் படலம்தான் செம்புல பச்சை பூக்க வைக்கிற ஆசாமி.

அதனாலதான் இந்தக் கரையில சொந்த அசெம்பிள் லாபம்ங்கிறேன். கெட்டுப்போன பார்ட்டை மட்டும் கழட்டி மாத்தலாம். பல பிராண்டட் டெஸ்க்டாப்கள்ல எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு எல்லாம் தனி அளவு. வெளியில வாங்கினது உள்ளே உட்காராது. 1981-ல ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கடையில கிடைக்கிற பாகங்களை வெச்சே கட்டி, அதோட டெக்னிக்கல் விவரத்தையும் புத்தகமாப் போட்டுது. மத்த கம்பெனிகளும் அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1995-ல இன்டெல் கொண்டுவந்த ‘ஏ.டி.எக்ஸ்.’ அளவைத்தான் இன்னிக்கும் கேபினெட்காரங்க பின்பற்றுறாங்க.

ஷாப்பிங்? முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா எழும்பூர், அங்கேருந்து ரிச்சி தெரு பக்கம்தான். ஆன்லைன்லயும் வாங்கலாம். எங்க வாங்கினாலும் சீரியல் நம்பரோட ஜி.எஸ்.டி. பில் கேளுங்க. ‘பில் இல்லாம குறைச்சுத் தர்றேன் தம்பி’க்கு மயங்கினா வாரண்டி கோவிந்தா! இன்டெல் ப்ராசஸர் பேர் ‘எஃப்’னு முடிஞ்சா அதுல கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாம அதை மாட்டிட்டு, மானிட்டர் கறுப்பா இருக்கேன்னு அழுது பிரயோஜனமில்ல. ஏ.எம்.டி.யோட ஏ.எம்.4 ரைசன்ல கடைசி எழுத்து ‘ஜி’யான்னு பாருங்க.

காசை மிச்சம் பிடிக்கணுமா? கலர் லைட் ஃபேன், கண்ணாடி கேபினெட்ல கை வைங்க. எஸ்.எம்.பி.எஸ்.ல மட்டும் கூடாது. தெர்மல் ஸ்டேஷன் இருக்கிற ஊர்னு நம்ம ஏரியாவுல கரண்ட் என்ன கட் ஆகாமயா இருக்கு? ‘80 ப்ளஸ்’ முத்திரை உள்ள நல்ல கம்பெனி ஐட்டமும், கூடவே ஒரு யு.பி.எஸ்.ஸும் அவசியம்.

அசெம்பிள் பண்ற அன்னிக்குக் கையை நல்லா துடைச்சுக்கோங்க (வியர்வையும் உப்புதானே!). கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு ஆரம்பிங்க. ப்ராசஸர் மூலையில இருக்கிற முக்கோணத்தை சாக்கெட்ல இருக்கிற முக்கோணத்தோட பொருத்தி, சும்மா வெச்சா போதும், தானா உட்காரும். அழுத்தினா பின் வளையும், பர்ஸும் காலி. மேல பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட். நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ரேம்னா பொதுவா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட். கேபினெட்டுக்குள்ள திருகுறதுக்கு முன்னாடி, மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டி மேலேயே வெச்சு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துடுங்க. நிஜமான சோதனை, பவர் பட்டனோட குட்டி ஒயர்களை மாட்டுறதுதான். மேனுவல் இல்லாம அது யாருக்கும் வராது.

சிஸ்டத்தைக் கடல் பாத்த ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. செமஸ்டர் லீவுல மாசக்கணக்குல மூடியும் வைக்காதீங்க. தினம் கொஞ்ச நேரம் ஓடினா அந்தச் சூட்டுல உள்ளே ஈரம் தங்காது. ரேம் முனையை அழிரப்பர்ல தேய்க்கிறது நம்மூர் மெக்கானிக் வைத்தியம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி இன்னும் பத்திரம்.

அப்புறம், தரையில வைக்காதீங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை கொட்டினது மறந்திருக்காது. வெள்ளத்துல நனைஞ்ச சிஸ்டத்தை ‘ஓடுதான்னு பார்ப்போம்’னு ஆன் பண்ணிடாதீங்க. பிளக்கைப் பிடுங்கி, போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரியைக் கழட்டி, சேறு போக டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி, நாள்கணக்குல காய வைங்க. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க. எஸ்.எஸ்.டி. நல்லா காஞ்சதும் வேற சிஸ்டத்துல மாட்டி, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை முதல்ல காப்பி எடுங்க. கேம்ஸெல்லாம் அப்புறம்!