தடாக மண்டபமும் நிலக்காட்சியும்: கண்டலமவை முன்வைத்துச் சில குறிப்புகள்

நாட்டுப்புறத்தில் நீச்சல் தடாகமும் அதன் அருகே இளைப்பாறும் மண்டபமும் அமைப்போர், அவை சூழலுடன் இயைந்திருத்தல் வேண்டும் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. இவ்வியைபு எவ்வாறு எய்தப்படுகிறது, அது யாருடைய கண்ணுக்கு இயைபு என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே நோக்குதல் பொருத்தமாகும். தம்புள்ளைக்கு அண்மையில், கண்டலமக் குளக்கரையில், ஜெப்ரி பாவா (1919-2003) வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட சுற்றுலா விடுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

விடுதிக்கு முதலிற் கருதப்பட்ட இடம் சிகிரியாக் குன்றின் அயலாகும். பாவா அதனை ஏற்காது, குன்று தொலைவிலே தெரியும் கண்டலமவைத் தெரிந்தார். இயைபு கட்டடப் பொருளில் அன்றி இடத்தெரிவிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மலைச்சரிவின் வளைவைப் பின்பற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குக் கட்டடம் செல்கிறது. தட்டைக் கூரைகளிலே செடிகளும், முகப்புச் சட்டங்களிலே கொடிகளும் வளர்கின்றன. குகை போன்ற வாயிலினூடாகப் பாறையை ஒட்டி நடந்து வருபவருக்கு, தடாகமும் அதற்கப்பால் குளமும் பின்னரே வெளிப்படுகின்றன.

தடாகத்து நீர் குளத்து நீருடன் ஒன்றாகத் தோன்றுவது மாயமன்று. இத்தகைய தடாகங்களில் தொலைவிலுள்ள விளிம்புச் சுவர் நீர்மட்டத்திலும் சிறிது தாழ்த்திக் கட்டப்படும். அதன்மேல் வழியும் நீர், பார்வைக்கு மறைந்த வாய்க்காலில் விழுந்து, சேமத் தொட்டிக்குச் சென்று, வடிகட்டப்பட்டு மீண்டும் ஏற்றப்படும். பலர் ஒருங்கே இறங்குகையில் இடம்பெயரும் நீர் முழுவதையும் அத்தொட்டி ஏற்கவேண்டும். அதனைச் சிறிதாக அமைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். உட்புறத்துக்குப் பளிச்சிடும் நீல ஓடு பதித்தால் நீர் செயற்கையாகத் தெரியும். கருமை சார்ந்த சாம்பல் அல்லது பச்சை நிறமே வானத்தையும் மரத்தையும் பிரதிபலிக்கும்.

பாறையும் சரிவும் இல்லாத யாழ்ப்பாணம் போன்ற சமதரையில் இவ்வுத்திகள் பெரும்பாலும் பயன்படா. அங்கே தாழ்ந்த இறவாரமும், மெல்லிய பனந்தூண்களும், பின்னணியாக ஒரு மரக்கூட்டமும், எல்லையில் கிடுகு வேலியும் போதுமானவை. மண்டபத்தின் முகடு அயல் மரங்களுக்கு மேலே எழாதிருப்பின் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

உண்மையில் நீரருகு மண்டபம் எமக்குப் புதியதன்று. கேணி, மடம், சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல் ஆகியவை ஒரு தொகுதியாகவே பழைய தெருவோரங்களில் அமைந்தன. வழிப்போக்கரும் கால்நடையும் அவற்றின் பயனாளிகள். ஆயினும் அவ்வமைப்பைப் பொற்காலமாகச் சித்திரிப்பதை நாம் ஏற்கமாட்டோம். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பொதுக் கிணறுகளும் கேணிகளும் பல இடங்களில் மறுக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் பின்னரும் அதற்காகப் போராட நேர்ந்தது. நிலக்காட்சியுடன் முற்றாக இயைந்திருந்த கேணி, மனிதருள் ஒரு பகுதியினரை விலக்கியே வைத்திருந்தது.

கண்டலமவிலும் பிரச்சினை தோற்றம் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் கிராமத்தவரும் பிக்குகளும் சூழலியலாளரும் விடுதித் திட்டத்தை எதிர்த்தபோது, கழிவுநீர் குளத்தை மாசுபடுத்தும் என்பது அவர்களது முக்கிய அச்சங்களுள் ஒன்று. அது பண்டைய நீர்ப்பாசனக் குளம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு நீர்களுள் ஒன்று பொழுதுபோக்குக்கு, மற்றையது வயலுக்கு என்பதை அவர்கள் மறக்கவில்லை. எதிர்ப்பை மீறி விடுதி எழுந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் ஏற்பாடும் அங்கே உண்டு. அவ்வேற்பாட்டில் எதிர்ப்பாளரின் பங்கு, பாவாவைப் போற்றும் எழுத்துகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

கணக்கும் சிறிது வேண்டும். 20 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் 1.5 மீற்றர் சராசரி ஆழமும் உடைய தடாகம் 240,000 லீற்றர் நீர் கொள்ளும். உலர் வலயத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகும் எனக் கொண்டால், 800 லீற்றர் நாள்தோறும் இழக்கப்படும். சுண்ணக்கற் பாறையிலே தங்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பி வாழும் குடாநாட்டில், அந்நீரை எக்கிணற்றிலிருந்து இறைப்பது என்பதை மண்டபத்தின் கூரை வடிவத்துக்கு முன்பே தீர்மானித்தல் வேண்டும்.