மீனெண்ணெய் புற்றுநோயைத் தடுக்குமா?

ஓரிடத்தில் சம்பாதித்த நற்பெயரை மற்றோரிடத்தில் செலவு செய்வது மனிதருக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. பண்டங்களும் அவ்வாறு செய்வதுண்டு. மீனெண்ணெய் அத்தகைய ஒரு பண்டம். இருதயத்தின் விஷயத்தில் ஏற்பட்ட புகழைக் கொண்டு, அது புற்றுநோய்க்கும் காவலென்று இன்று பேசப்படுகிறது. வீட்டில் ஒருவருக்கு இக்கொடிய நோய் கண்டுவிட்டால், மற்றையோர் அச்சத்தினால் ஏவப்பட்டு, பொன்னிறக் குளிகைகள் அடைத்த புட்டிகளைக் கடன்பட்டேனும் வாங்குகின்றனர். இந்நம்பிக்கைக்குத் தக்க ஆதாரம் உண்டா என்று விசாரிப்பது, பொதுஜனங்களிடையே பேசவும் எழுதவும் முன்வந்துள்ள ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.

புகழ் பிறந்த விதம்

உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது, உணவின் மூலமாகவே பெற்றுத் தீரவேண்டிய கொழுப்பு அமிலங்கள் உண்டென்பதை அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதிகள் 1929-ம் வருஷத்தில் எலிகளைக் கொண்டு நிரூபித்தனர். இவ்வமிலங்களில் ஒமேகா-3, ஒமேகா-6 என்று இரு குடும்பங்கள் உண்டு. கடலிலுள்ள நுண்ணிய பாசிகள் உண்டாக்கும் ஒமேகா-3 அமிலங்கள், அவற்றை மேயும் சிற்றுயிர்களின் வழியே மீன்களின் உடலில் வந்து சேருகின்றன. நம் கரையில் மலிவாக விற்கும் மத்தியிலும் அயிலையிலும் இவை நிறைய உண்டு.

1970-ல் டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர்களான பாங், டையர்பெர்க் என்போர், கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் மீனும் கடற்பிராணிகளின் மாமிசமும் உண்டு வாழும் இனுயிட் மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் இம்மக்களிடையே இருதய நோய் அரிதாக இருப்பதன் இரகசியம் கடல் உணவிலுள்ள ஒமேகா-3 அமிலங்களே என்ற அபிப்பிராயம் அதன்பின் உலகெங்கும் பரவிற்று. அவர்கள் ஆராய்ந்தது இருதய நோயைப் பற்றியே அன்றிப் புற்றுநோயைப் பற்றியன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

புற்றுநோயைக் குறித்த நம்பிக்கை பின்னர் எழுந்தது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒமேகா-6 குடும்பத்து அமிலமொன்றிலிருந்து உடலில் பிறக்கும் சில பொருள்கள் அழற்சியைத் தூண்டுகின்றன; நாட்பட்ட அழற்சி புற்றுநோய்க்கு இடந்தரும். ஒமேகா-3 அமிலங்கள் அப்பொருள்களுக்குப் போட்டியாக நின்று அழற்சியைத் தணிக்கின்றன. மேலும், ஐரோப்பாவில் 10 தேசங்களைச் சேர்ந்த 4,78,040 பேரைக் கவனித்து வந்த பெரிய ஆராய்ச்சியொன்று, நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல் மீன் உண்டவர்களிடம், 10 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் பெருங்குடல் புற்றுநோய் நூற்றுக்கு 31 பங்கு குறைந்திருந்ததாக 2005-ல் தெரிவித்தது.

சோதனையின் தீர்ப்பு

எனினும், கவனிப்பது வேறு, சோதிப்பது வேறு. மீன் மிகுதியாக உண்பவர் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவற்றைக் குறைவாக உண்பவராக இருக்கலாம். புகை பிடியாதவராகவும் இருக்கலாம். அவரைக் காத்தது எது என்று எப்படிச் சொல்வது? இச்சந்தேகத்தைத் தீர்க்க அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பகுதியினராகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் ஒரு கிராம் மீனெண்ணெய்க் குளிகையும், மற்றவர்களுக்கு அதைப் போன்ற வெறுங் குளிகையும் கொடுத்தார்கள். எவருக்கு எது என்பது உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஐந்து வருஷங்களுக்கு மேல் நடந்த இச்சோதனையின் முடிவு 2019-ல் அச்சாயிற்று. மீனெண்ணெய் உண்டவர்களில் 820 பேருக்குப் புற்றுநோய் கண்டது. வெறுங் குளிகை உண்டவர்களில் 797 பேருக்குக் கண்டது. இரண்டும் ஏறக்குறைய சமமே. எண்ணெய் காக்கவில்லை.

இது ஒரு சோதனையின் முடிவு மாத்திரமன்று. 1,08,194 பேர் பங்கு கொண்ட 47 சோதனைகளை ஒருங்கே சேர்த்து 2020-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் சீர்தூக்கிப் பார்த்தபோதும், ஒமேகா-3 அமிலங்களை அதிகமாக உண்பதால் புற்றுநோய் குறைவதில்லை என்பதே தெரிந்தது.

ஆசைக்கு இட்ட வரம்பை அச்சத்துக்கும் இட வேண்டும். இரத்தத்தில் ஒமேகா-3 மிகுந்தவர்களிடம் ஆண்களுக்குரிய பிராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் அதிகமெனக் காட்டிய அமெரிக்க ஆராய்ச்சியொன்று 2013-ல் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அதுவும் கவனித்து அறிந்ததேயன்றி, சோதித்துத் தெளிந்ததன்று. அதைக் கேட்டு மீனையே வெறுத்தவர்களும், எண்ணெயை அமிர்தமென்று நம்பியவர்களைப் போலவே அவசரப்பட்டவர்கள்தாம்.

மீன் வேறு, பக்குவம் வேறு

ஆயின், மீனுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லையோ எனில், ஒருவகையில் உண்டு. தென் சீனத்தில் கான்டன் பிரதேசத்தார் பக்குவம் செய்யும் உப்பு மீன், மூக்கின் பின்புறத்துத் தொண்டையில் புற்றுநோயை உண்டாக்குவதென்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தீர்மானித்திருக்கிறது. பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளுக்கு அதை ஊட்டுவது விசேஷமாகத் தீங்கு பயப்பது. சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்று மீனைச் சமைக்காமல் உண்ணும் வழக்கத்தால் ஈரல் புழு உடலிற் புகுந்து, பித்த நாளத்தில் புற்றுநோய் உண்டாகிறது. நன்கு வேகவைத்தால் அப்புழு மடிந்துவிடும். கான்டன் மீனைப் பற்றிய தீர்ப்பை நம் கருவாட்டின்மீது அப்படியே ஏற்றுவது நியாயமன்று. ஆனால் பச்சிளங் குழந்தைக்கு உப்பு மிகுந்த கருவாட்டை ஊட்டாதிருப்பது நலம்.

இனி மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மீனெண்ணெயில் காணப்படும் ஒரு கொழுப்பு அமிலம், புற்றுநோய்க்கு ஏற்றப்படும் மருந்தின் வீரியத்தைக் குறைப்பதாக ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் எலிகளில் கண்டனர். மீனெண்ணெய் உண்ட மனிதரின் இரத்தத்திலும் அவ்வமிலம் உயர்வதை 2015-ல் தெரிவித்து, மருந்து ஏற்றும் நாளிலும் அதற்கு முன்பின் நாட்களிலும் அவ்வெண்ணெயைத் தவிர்க்குமாறு எச்சரித்தனர். மனிதரிடம் இத்தீங்கு இன்னும் உறுதிப்படவில்லை. எனினும், நோயாளிக்கு நன்மை செய்வதாக எண்ணி வைத்தியருக்குத் தெரியாமல் குளிகை கொடுப்பது எவ்வளவு விபரீதமாக முடியக்கூடும் என்பதை உற்றார் உணர வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

மீன் உண்பவர்கள் மத்தியையும் அயிலையையும் நல்ல உணவென்று மகிழ்ந்து உண்ணட்டும். இறைச்சிக்குப் பதிலாக மீன் இலையில் விழுந்தால் நலமே. மரக்கறி உண்போர் மீனெண்ணெய் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் மரக்கறி உண்போரிடமும் மாமிசம் உண்போரைவிடப் புற்றுநோய் சற்றுக் குறைந்தே காணப்பட்டது. குளிகைக்குச் செலவழிக்கும் பணத்தைக் கீரைக்கும் பழத்துக்கும் செலவழிக்கலாம். புகையிலையை விடுவதற்கோ காசு வேண்டியதே இல்லை. அதனினும் பெரிய காவலும் இல்லை.

புற்றுநோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை நம் பாராளுமன்றம் சட்டத்தால் விலக்கியிருக்கிறது. ஆனால், வாயால் பரவும் வதந்தியைச் சட்டம் எட்டிப் பிடிக்காது. அறிந்தவர்கள்தாம் பிடிக்க வேண்டும். ஆகவே, அடுத்த முறை ஒருவர் அக்குளிகையைப் புகழ்ந்து பேசும்போது, "சோதித்துப் பார்த்தார்களா?" என்று நம்மில் ஒருவர் கேட்பாராயின், ஓர் ஏழைக் குடும்பத்தின் பணமேனும் தப்பும், ஒருவேளை, ஓர் உயிரும் தப்பலாம்.