செராம்பூரின் சனிக்கிழமை மாலை

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகவே சொல்கிறேன். நம் ஆயர்கள் பலர் வாங்கியிருப்பது செராம்பூர் பட்டம். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர், நம் தரங்கம்பாடியைப் போலவே அன்று டேனியர் வசம் இருந்தது. 1800-இல் அங்கே சில மிஷனரிக் குடும்பங்கள் ஒரே வளாகத்தில், ஒரே பந்தியில் உண்டு வாழத் தொடங்கின. அவர்களில் கடைசிவரை சேர்ந்தே நின்றவர்கள் மூவர்: செருப்புத் தைத்துப் பிழைத்திருந்த வில்லியம் கேரி, பள்ளி ஆசிரியர் ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத்தொழில் தெரிந்த வில்லியம் வார்டு.

தேவ அழைப்பு பெற்றவர்கள்தானே, தானாக ஒத்துப்போய்விடும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. சனிக்கிழமை மாலையை அதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த வாரத்து மனஸ்தாபங்களைப் பேசித் தீர்ப்பார்கள். ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடி உறுதி சொல்வார்கள். மறுநாள் ஆராதனை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஊழியக்காரர்களின் சண்டை பெரும்பாலும் சண்டையாக வெளியே வராது, ஜெபமாகத்தான் வரும். கமிட்டியில் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதை, கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, பெருமையுள்ள இருதயங்களை உடைத்தருளும்” என்போம். அது யாருக்கு என்று அறையிலிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அடிபட்டவரும் ஆமென் சொல்லியாக வேண்டும். பதில் பேச அவருக்கு வழியே இல்லை. அந்த வழியைத்தான் சனிக்கிழமை மாலை திறந்து வைத்தது. நான் பெரிதாக மதிப்பதும் அதைத்தான்.

அடுத்தது பணம். கேரிக்குக் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் நல்ல சம்பளம். மார்ஷ்மன் தம்பதியின் பள்ளியிலும் நல்ல வருமானம். எல்லாம் பொதுப் பணப்பெட்டிக்குப் போயிற்று. சொந்தச் செலவுக்கு ஆளுக்குச் சிறு தொகை. இன்று அதே ஏற்பாடு நமக்கு ஒத்துவராமல் போகலாம். ஆனால் யாருக்கு எங்கிருந்து எவ்வளவு உதவி வருகிறது என்பது ரகசியமாக இருக்கும் குழுவில், சிரித்துப் பேசினாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கேரியின் மனைவி டாரத்தி கடும் மனநோயில் வாடினார். பிள்ளைகள் கவனிப்பாரின்றித் திரிந்தார்கள். அவர்களைத் தாயைப்போல அணைத்துக்கொண்டவர் மார்ஷ்மனின் மனைவி ஹன்னா. மூத்தவன் ஃபெலிக்ஸை நல்வழிக்குத் திருப்பியதில் வார்டுக்குப் பெரும் பங்கு. உடன் ஊழியர் என்றால், என் வீட்டுக் கஷ்டத்தையும் பார்க்க நான் அனுமதிக்கிற ஆள். நம்மில் எத்தனை ஆயர் வீடுகளில் அந்தக் கதவு திறந்திருக்கிறது?

இவ்வளவு இருந்தும் அடுத்த தலைமுறையோடு இந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. 1805-இல் தங்கள் உடன்படிக்கையை எழுத்தில் வடித்து, ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு ஊழியத்தலத்திலும் வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆனாலும் பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிகள் பெரியவர்களோடு, முக்கியமாக மார்ஷ்மனோடு, கசந்துகொண்டு கல்கத்தாவில் தனியே இயங்கினார்கள். கேரியும் வார்டும் மார்ஷ்மனை விட்டுக்கொடுக்கவில்லை. மூவரின் நட்பு அவ்வளவு உறுதி. ஆனால் பல வருடம் கூடி வாழ்ந்து வந்த நம்பிக்கை, புதிதாக வந்தவருக்கு வாசித்துக் காட்டினால் வந்துவிடாது. உங்கள் குழுவுக்குப் புது உபதேசியார் ஒருவர் வந்தால், முதல் வாரமே அவரையும் அந்தச் சனிக்கிழமைப் பேச்சில் உட்கார வையுங்கள். முதலில் பேச அவரையே விடுங்கள்.