குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் பழங்களைப் பாதுகாத்தல்

உங்கள் காணிக்கு மின்சாரம் வருவதற்கு முன்னரே மாவும் பப்பாசியும் காய்த்துவிடலாம். பழங்களைப் பழுதடையாமல் வைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கூடுதலான நாட்களுக்குக் கொடுக்கலாம். மிஞ்சியதைச் சந்தையில் விற்கலாம்.

• மாங்காயைச் சிறிது காம்புடன் பறியுங்கள். அடிபட்ட பழங்களை வேறாக்கி, அவற்றை முதலில் உண்ணுங்கள்.

• பழுத்தவற்றையும் காய்களையும் ஒன்றாக வைக்க வேண்டாம். பழுத்த பழத்திலிருந்து வெளிவரும் வாயு மற்றவற்றையும் விரைவாகப் பழுக்கவைக்கும்.

• கழுவி வைக்க வேண்டாம். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உண்ணும்போது சுத்தமான நீரில் கழுவுங்கள்.

• பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்புங்கள். காலையும் மாலையும் மணலில் நீர் ஊற்றுங்கள். பழங்களைச் சிறிய பானைக்குள் இட்டு, ஈரச் சாக்கினால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது உட்பானை குளிரும். மழைக்காலத்தில் இம்முறை அதிகம் பயன் தராது.

• பழங்களைத் தினமும் பாருங்கள். அழுகியதை உடனே அகற்றுங்கள்.

முக்கியம்: கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிகளுக்குள் பழம் பறிக்கப் போகாதீர்கள். பிள்ளைகளையும் போக விடாதீர்கள்.