சாக்கு சுடுகிறது
பயம் எழுதும் கலை – 9

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஆ. மாதவன். அதே தெருவில் கடை வைத்து உட்கார்ந்து, சுமட்டுக்காரர்களையும் சட்டம்பிகளையும் கதையாக்கியவர். 2021 ஜனவரியில் மறைந்தார். கிழக்கேகோட்டையில் தொடங்கி ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்தத் தெருவில் அவர் கண்ணுக்குத் தப்பிய மனிதர்கள் குறைவு. ஆனால் மனிதர்களைவிட அதிக எண்ணிக்கையில் அங்கே குடியிருக்கும் ஒரு கூட்டம் உண்டு. திகில் கதை எழுத வருபவர்கள் இந்த வாரம் அரிசி மண்டிக்குள் நுழையலாம்.

அரிசி வண்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முறத்தில் புடைக்கும்போது ஓரத்துக்கு ஓடும். தட்டினால் காலை மடக்கிக்கொண்டு செத்ததாக நடிக்கும். ஆள் திரும்பியதும் எழுந்து நடக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உடம்பு, முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட ஒரு மூக்கு. அதன் நுனியிலுள்ள தாடையால் பெண் வண்டு அரிசியைத் துளைக்கும். துளைக்கு ஒரே ஒரு முட்டை. பிறகு பசை போன்ற ஒரு சுரப்பால் வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே பொரிந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. ஒரு வண்டு தன் ஆயுளில் 300 முட்டை வரை இடும்.

அந்த ஒரு மாதமும் அரிசி அரிசியாகவே இருக்கிறது. வெள்ளையாக, முழுசாக. அள்ளிப் பார்த்தாலும் தெரியாது. தண்ணீரில் போட்டால்தான் சில மணிகள் மிதக்கும். எழுதுகிறவருக்கு வேண்டியது இந்த ஒரு மாதம்தான். வண்டு வெளியே வந்த பிறகு நடப்பது வெறும் வீட்டு வேலை.

பூச்சி என்றதும் அதைப் பெரிதாக்கிவிடுவது நம் வழக்கம். 1954-இல் வந்த 'தெம்!' என்ற ஹாலிவுட் படத்தில் அணுகுண்டுச் சோதனையால் எறும்புகள் ராட்சத உருவம் எடுத்தன. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அவ்வளவு பெரிய எறும்பு தன் எடையைத் தாங்கி நிற்கவே முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய மிருகத்தைச் சுடலாம், ஓடித் தப்பலாம். ராஜமௌலியின் 'நான் ஈ' (2012) ஈயை ஈ அளவிலேயே வைத்தது. வில்லனாக வரும் சுதீப்பின் பக்கம் நின்று அதை இன்னொரு முறை பாருங்கள்: பணமும் துப்பாக்கியும் இருப்பவன் ஒரு ரீங்காரத்தால் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான். சுத்தமான பேய்ப்படம். ஒரே குறை, அந்த ஈக்குப் பகை இருக்கிறது. பகை இருந்தால் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் கெஞ்சவாவது வழி உண்டு. அரிசி வண்டுக்கு நம்மீது எந்தக் கோபமும் கிடையாது.

கோபமில்லாத படையெடுப்புக்குக் கேரளத்திலேயே முப்ளி வண்டு இருக்கிறது. ஓட்டெருமை என்றும் சொல்வார்கள். ரப்பர் தோட்டத்தில் உதிர்ந்த இலையைத் தின்று வளரும் கறுப்பு வண்டு. கோடை மழை விழுந்ததும் லட்சக்கணக்கில் கிளம்பி, விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வீடுகளுக்குள் வரும். ஓட்டுக்கடியிலும் மச்சிலும் அப்பிக்கொண்டு ஒன்பது மாதம் வரை சும்மா கிடக்கும். கடிக்காது, கொட்டாது. நசுக்கினால் மட்டும் நாற்றமடிக்கும் ஒரு திரவம். தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு குடும்பத்தை எழுதுங்கள். அதில் கற்பனை என்று சேர்க்க அதிகம் இல்லை.

அரிசி வண்டுக்குத் திரும்புவோம். ஆரியசாலை மண்டிக் கதையை இப்படித் தொடங்கலாம். நவராத்திரி சமயம். பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வந்த குமாரகோவில் முருகன் ஆரியசாலைக் கோயிலில் தங்கியிருக்கிறார். தெருவெல்லாம் கூட்டம். மண்டிக்குள் கடைப்பையன் சாக்கில் முழங்கைவரை கையை விடுகிறான்.

"அண்ணாச்சி, சாக்கு சுடுது."

"வெயில்ல வந்த லோடுலே, சுடத்தான் செய்யும்."

"இது போன மாசம் எறக்குனதுல்லா அண்ணாச்சி."

சூடு உண்மை. வண்டும் புழுவும் பெருகிய தானியம் அவை விடும் மூச்சிலேயே சூடேறும். கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். உள்ளே புழு கொறிக்கும் சத்தத்தைக் கேட்கும் கருவிகள்கூட உண்டு. ஆனால் கதையில் இதில் எதையும் விளக்காதீர்கள். அண்ணாச்சி வீட்டிலும் அதே அரிசிதான் என்பதை நடுவில் ஒரு வரியில் சொன்னால் போதும். மாதக் கடைசியில் பையன் சம்பளம் வாங்கும்போது அண்ணாச்சியின் உள்ளங்கையும் அதே சூட்டில் இருக்கட்டும். அதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் கதை கெட்டுவிடும்.

அடுத்த வாரம் குளவி. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிவிடும் என்று குருவுக்கு உவமையாகச் சொல்வார்களே, அதே குளவிதான். புழு குளவியாவதில்லை. கொட்டி முடக்கிய புழுவின்மேல் குளவி முட்டையிடுகிறது. அதிலிருந்து வருவது, அந்தப் புழுவை உயிரோடு தின்று முடித்துவிட்டுக் குளவியாகப் பறக்கிறது.

(தொடரும்)